கட்டிலை எடுக்கச் சொன்னவன்

ஐ.சி.யூ.வில் உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து மோசமாக இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு சம்பளம் வாங்கும்போது போட்ட கையெழுத்தைத் தவிர அதிகம் எழுதியதில்லை. மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். இதை அவள் படிக்க வேண்டாம் என்று நினைத்ததால் கொடுக்கவில்லை. அதனால் பிழைகள் எல்லாம் அப்படியே இருக்கும்.

இடுப்பு போய்விட்டதால் வயதுக்கு முன்பே வேலையை விட்டவன் நான். கடைசி நாளில் தலைமை சிஸ்டர், "புதுசா வர்றவங்களுக்கு ஏதாவது சொல்லிட்டுப் போங்கண்ணா" என்றார். பத்துப் பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவினேன். சொன்னதோடு சரி, பல மாதம் எழுதவில்லை. எழுத வேண்டியது எது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

நோயாளியைப் புரட்டுவது, துடைப்பது, ஸ்ட்ரெச்சரில் மாற்றுவது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தாலே உங்களுக்கு வந்துவிடும். நான் சொல்லப்போவது ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பிய கதை.

இனி மருந்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகு நம் ஊர்க்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "மூச்சோட வூட்டுக்கு இட்டுகினு போய்டறோம்." உயிர் வெளியில் போய்விட்டால் உடலை வீட்டுக்குள் ஏற்றத் தயங்குகிறவர்கள் உண்டு. அப்படித் தயங்காதவர்களும், அவரவர் வீட்டுத் தரையில் போகட்டும் என்பார்கள். மூச்சு மெஷினைக் கழற்றி, கையால் அமுக்கும் பையைக் குழாயில் மாட்டி, ஆம்புலன்சில் வீடுவரை அமுக்கிக்கொண்டே போக வேண்டும். வீட்டில் இறக்கிப் படுக்க வைத்த பிறகு கூட வரும் சிஸ்டர் குழாயை எடுப்பார். உறவுகள் சுற்றி நிற்க, கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இந்த வேலைக்கு எப்போதும் என்னைத்தான் அனுப்புவார்கள். கைவலி என்று நான் அமுக்குவதை நிறுத்தியதில்லை.

அந்த விஷயத்தில் எனக்கு ஒரு நல்ல பெயரும் இருந்தது. நான் கூச்சக்காரன். அழுகிறவர்களிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேச நாக்கு வராது. ஆனால் வேலை செய்ய வரும். ஆகவே, உடலை வைக்கும் ஐஸ் பெட்டிக்காரருக்கு நானே போன் போட்டுவிடுவேன். பந்தலுக்கு, நாற்காலிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லுவேன். துக்கத்தில் இருப்பவர்கள் அலைய வேண்டாமே என்ற எண்ணம். ஒரு பைசா அதில் வாங்கியதில்லை. பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அதுதான் என் ஆறுதல் சொல்லும் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு நாள் சூசையை அனுப்பினோம்.

சூசை துறைமுகத்தில் கப்பல்களின் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தவர். அந்தத் தூசியும் வாடையும் நுரையீரலைத் தின்றுவிட்டன. மெஷினில் போட்டார்கள். ஒவ்வொரு முறை கழற்றிப் பார்க்கும்போதும் திணறினார். நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. எங்கள் டாக்டர் மேடம் நல்லவர், அவசரப்படாதவர். ஒரு நாள் காலை சூசையின் முகத்தருகே குனிந்து கேட்டார்.

"இந்தக் குழாய எடுத்தா மூச்சு நிக்கலாம். தெரியுமில்ல?"

சூசை கண்ணை மூடித் திறந்தார்.

"எடுத்துடலாமா?"

மறுபடியும் மூடித் திறந்தார்.

"இங்கயா? வீட்லயா?"

சூசை தன் மனைவி ரீட்டாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அந்த அம்மா, "வூட்டுக்கு, மேடம். வூட்டுக்குத்தான் கேக்கறாரு" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது.

மேடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். வலி இருக்கிறதா, யாரைப் பார்க்க வேண்டும், சாமியார் வர வேண்டுமா? ராயபுரம் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபம் சொன்னார். எவ்வளவு நேரம் இருப்பார் என்று சூசையின் அக்கா மகன் ஜோசப் கேட்டான். ஆட்டோ ஓட்டுகிறவன். மேடம் கொஞ்சம் யோசித்து, "குழாய எடுத்தா பத்து நிமிஷம். அதிகம் போனா ஒரு மணி நேரம்" என்றார். பிறகு நடந்த எல்லாவற்றையும் நாங்கள் அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் கட்டினோம். மேடத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதன் மேல் அதிகம் கட்டியவன் நான்.

ஜோசப்பைத் தனியாகக் கூப்பிட்டேன். சூசையின் வீடு எர்ணாவூர் குடியிருப்பில்.

"எத்தனாவது மாடி?"

"மூணு."

"லிஃப்ட் கீதா?"

"காமெடி பண்ணாதண்ணா."

"ஹால் எவ்ளோ அகலம் வரும்?"

"கட்டில் போட்டா பக்கத்துல ரெண்டு பேர் ஒக்காரலாம். அவ்ளோதான்."

"அப்ப பெட்டி நுழையாதே. கட்டில எட்த்துடச் சொல்லு."

"சரிண்ணா," என்று அவன் உடனே வீட்டுக்குப் போன் பண்ணினான். நான் பெட்டிக்காரருக்குப் பண்ணினேன்.

மதியம் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம்வரை வரிசை கட்டி நின்றன. டிரைவர் சைரன் போட்டு, கையை வெளியே நீட்டிக் கத்தினார். "மாமு, எவனும் நவுற மாட்றான். எப்டிப் போறது?" நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். ரீட்டா சூசையின் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. ஊசி போட்டிருந்ததால் சூசையின் கண் பாதி மூடியிருந்தது.

நாங்கள் லாரிகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்காரரின் சின்ன வண்டி சந்துகளில் புகுந்து எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. குடியிருப்பு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புலன்சைப் பார்த்ததும் ஒரு கிழவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றார்.

படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சூசையைப் போர்வையோடு ஆறு பேர் தூக்கினார்கள். நான் தலைமாட்டில் பையை அமுக்கியபடி பின்பக்கமாக ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழி அடைத்திருந்தது. பெட்டிக்காரரும் அவருடைய ஆளும் பெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் புடிச்சிகினு இருங்க, இத்த ஏத்திட்டு வந்துடறோம்," என்றார் பெட்டிக்காரர்.

வேறு வழியில்லை. சூசையைத் தூக்கிப் பிடித்தபடி அந்தத் திருப்பத்தில் நின்றோம். பெட்டி எங்கள் கண் முன்னால் மேலே போனது. குனிந்து பார்த்தேன். சூசையின் கண் முழுசாகத் திறந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் கண்ணாடி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டுக்குள் அவருக்கு முன்னால் அவருடைய பெட்டி போனது. தம்பிகளே, இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உள்ளே ஹாலில் பெட்டி நடுநாயகமாக இருந்தது. அந்த வீட்டு ஹாலில் இருந்த ஒரே பிளக்கில் அதன் வயரை மாட்டி வைத்திருந்தார்கள். கட்டில் இல்லை. நான் சொன்னபடியே பிரித்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சூசையைப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் பாயில் படுக்க வைத்தோம். பெண்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். சிஸ்டர் குழாயை எடுத்தார். ரீட்டா அவர் காதில் ஏதோ சொன்னது.

காத்திருந்தோம். சூசை இரண்டு முறை திணறினார். பிறகு மூச்சு ஓட ஆரம்பித்தது. சின்னச் சின்ன மூச்சுதான், ஆனால் நிற்கவில்லை. ஜெபமாலை முடிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கீழேயிருந்து யாரோ, "ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்கள். அந்த நேரம் எனக்கு வந்த நினைப்பை எழுதக் கை கூசுகிறது. 'இன்னும் ஏன் போகவில்லை' என்று நினைத்தேன்.

டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அடுத்த நோயாளிக்கு வண்டி வேண்டும். சிஸ்டர் தன் மருந்துப் பையை மூடினார். ரீட்டா வாசல்வரை வந்தது.

"ண்ணா, இப்ப இன்னா பண்றது? தண்ணி கிண்ணி குட்க்கலாமா?"

சிஸ்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "சீக்கிரம் முடிஞ்சிரும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

என் வீடு விம்கோ நகரில். மறுநாள் வேலைக்குப் போகுமுன் எர்ணாவூர் போனேன். துக்கம் விசாரிக்கத்தான் போனேன். படியேறும்போது அழுகைச் சத்தம் இல்லை. உள்ளே பெட்டியின் மூடிமேல் டீ டம்ளர்கள் இருந்தன. அதில் சாய்ந்துகொண்டு ஜோசப் தூங்கிக்கொண்டிருந்தான். பாயில் சூசை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குழாய் இருந்த தொண்டையிலிருந்து காற்றும் குரலுமாக, இரண்டிரண்டு வார்த்தையாக வந்தது.

"இன்னா நைனா... பொட்டிய வச்சிட்டு... ஓடிட்ட?"

அவர் கண் பெட்டிப் பக்கம் போனது.

"கூலிங்கு... நல்லா கீதா? படுத்துப் பாத்து... சொல்லேன்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜோசப் விழித்துக்கொண்டு, "யோவ் மாமா, கம்னு கெட" என்றான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. மருத்துவமனையில் வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொன்னதை நினைத்துக்கொண்டு, அந்த அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வேட்டி நனைந்திருந்தது. புரட்டிப் படுக்க வைக்க யாருக்கும் தெரியவில்லை. விடிகிறவரை பல முறை தண்ணீரில் மூழ்குகிறவர் மாதிரி கையைக் காலை உதறினாராம். சுற்றி அத்தனை பேர் இருந்தும், என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ரீட்டா என்னை வெளியே, வாசலையொட்டிய நடைக்குக் கூட்டிவந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சாவறதுக்கு எல்லாம் ரெடி பண்ணிக் குட்த்தீங்கண்ணா. உசுரோட கீறதுக்கு ஒண்ணும் குட்க்கலியே."

நேராக மருத்துவமனைக்குப் போனேன். மேடத்தின் அறை வாசலில் நின்றேன். இத்தனை வருடத்தில் அந்தக் கதவை நானாகத் தட்டியதில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"சூசை இருக்காரு மேடம்," என்றேன்.

"யாரு? நேத்து போனவரா?" மேடம் நிமிர்ந்தார். "இன்னும் இருக்காரா?"

கேட்ட பிறகு அந்தக் கேள்வி அவர் காதிலேயே உறைத்திருக்க வேண்டும். "உக்காருங்க" என்றார். நான் நின்றேன். "உக்காருங்க, தயவுசெஞ்சு. வீடு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டார். கரண்டு பிளக் எத்தனை, கட்டில் இருக்கிறதா, கக்கூஸ் எவ்வளவு தூரம், தூக்கிப் புரட்டத் தெம்புள்ள ஆள் யார், அந்த அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, மூச்சு முட்டினால் போன் செய்ய யாராவது இருக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல என் முகம் கீழே போனது. இதில் பாதி எனக்கு முந்தைய நாளே தெரியும். எந்த மாடி என்று கேட்டேன். ஹால் அகலம் கேட்டேன். பெட்டி நுழையுமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன். மனிதர் அங்கே எப்படிக் கிடப்பார் என்று தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை.

அதை மேடத்திடம் சொன்னேன். அவர், "நானும் மூச்சு எப்ப நிக்கும்னுதான் பாத்தேன். நிக்கலைன்னா என்ன வேணும்னு பாக்கல" என்றார். பிறகு போனை எடுத்தார். வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்தார். மூச்சுத் திணறலை அடக்கும் மருந்துக்கு எழுதினார். ஆக்சிஜன் மெஷின் ஒன்று வாடகைக்குப் போனது. மாலையில் தானே அந்த மூன்று மாடி ஏறி வந்து, பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குவது எப்படி, தலையை உயர்த்தி ஸ்பூனில் தண்ணீர் கொடுப்பது எப்படி என்று ரீட்டாவுக்குக் காட்டினார். "தெரியாம அனுப்பிட்டோம்மா. மன்னிச்சுக்கோங்க" என்றார். டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அதற்கு முன் ஒரு வேலை இருந்தது. ஆக்சிஜன் மெஷினுக்கு அந்தப் பிளக் வேண்டும். கட்டிலுக்கு அந்த இடம் வேண்டும். பெட்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"இன்னா மாமு, பேஜாரு பண்ற?" என்றபடி வந்தார். "பொட்டிய காலியா எறக்குனா எங்க தொழில்ல ஆவாதுபா. நீ ஆளு போய்ட்டாருன்னுதானே சொன்ன?"

"போவப்போறாருன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணா?"

அவர் கோபத்தில் கேட்டதுதான். பெட்டியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மாடிக்கு மாடி சனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "சூசை பெயில் வாங்கிட்டாருபா!" என்று ஒருவர் கத்தினார். மேலே ஹாலில் சூசை அதைக் கேட்டுச் சிரித்து, இருமி, ரீட்டாவிடம் திட்டு வாங்கினார் என்று பிறகு சொன்னார்கள்.

கட்டிலைக் கீழே கொண்டுவந்து மாட்டினோம். சூசையை அதில் ஏற்றி, துடைத்து, வேட்டி மாற்றினேன். அந்த வேலை எனக்குத் தெரியும். அதன்பின் தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு முறை போனேன். மருந்து போன பிறகு அவருக்குத் திணறல் குறைந்தது. சங்கரா மீன் குழம்பை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லிச் சப்புக்கொட்டினார். ஒரு நாள் ஜோசப்பிடம் கேட்டார்.

"டேய்... போஸ்டர் அட்ச்சியே... காட்டு."

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கட்டு முதல் நாளே அச்சாகி வந்திருந்தது. யார் சொன்னது என்று ஜோசப் முழித்தான். சூசை விடவில்லை. விரித்துக் காட்டினான்.

"தூ... இன்னாடா இது? ரேஷன் கார்டு போட்டோ. திருடன் மாரி கீறேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "கப்பல்மேல நின்னு... சிரிச்சிகினு... ஒண்ணு கீதே. அத்தப் போடு."

"போடறேன் மாமா," என்று சொல்லிவிட்டு ஜோசப் நடைக்குப் போய் அழுதான்.

என்னைப் பற்றி அவர் ஒரு முறைதான் பேசினார். முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அன்னிக்கி... படியில... பயந்துட்டேன்பா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, கேலியும் இல்லை. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டருக்கு வந்த வார்த்தை எனக்கு வரவில்லை. இன்றுவரை அதுதான் உள்ளே கிடக்கிறது.

பிறகு ஒரு நாள் காலை குடியிருப்புக்குள் நுழைகிறேன், பெட்டிக்காரரின் வண்டி வாசலில் நிற்கிறது. நான் கூப்பிடவில்லை. மறுபடியும் யாரோ அவசரப்பட்டுவிட்டார்களோ என்று பயந்து மூன்று மாடியும் ஓடினேன். பெட்டி வெளி நடையில் சுவரோரம் இருந்தது. ரீட்டா வாசலில் நின்றது. தலை கலைந்திருந்தது, முகம் அமைதியாக இருந்தது.

"வாண்ணா. போய்ட்டாரு. டீ குட்த்தேன், ஒரு ஸ்பூன் குட்ச்சாரு. அப்புறம் தூங்கறாருன்னு நெனச்சேன்." பெட்டியைக் கண்ணால் காட்டியது. "நான்தான் கூப்ட்டேன். நான் சொல்ற வரிக்கும் உள்ள வரக் கூடாதுன்ட்டேன். மொதல்ல குளிப்பாட்டணும். வா, ஒரு கை புடி."

தம்பிகளே, தங்கைகளே, உங்களையும் ஒரு நாள் இப்படி அனுப்புவார்கள். ஏற்பாடு செய்து கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பெட்டிக்குப் போன் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: நாளைக் காலை இவர் உயிரோடு இருந்தால் எங்கே படுப்பார், யார் தண்ணீர் கொடுப்பார்கள், மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவார்கள்? டாக்டர் பத்து நிமிஷம் என்று சொன்னாலும் கேளுங்கள். உங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றால், என்னைப் போல முடிஞ்சிரும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்காதீர்கள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரின் கதவைத் தட்டுங்கள். எங்கள் மேடம் அதன்பின் ஒருவரையும் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் அனுப்பியதில்லை. என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் கேட்டார். பெட்டிக்காரரின் நம்பரை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

அன்று சூசையைக் கட்டிலிலேயே வைத்துக் குளிப்பாட்டினோம். ரீட்டா அவருக்குத் தலை சீவிவிட்டது. ஜோசப் சிரிக்கிற படம் போட்ட போஸ்டரை எடுத்துக்கொண்டு கீழே போனான். எல்லாம் முடிந்து, அவரைத் தூக்கிப் பாயில் வைத்த பிறகு, அந்த அம்மா, "இப்ப எட்த்துருங்க" என்றது. கட்டிலின் தலைமாட்டை நான் பிடித்தேன். பழைய இரும்புக் கட்டில். ஜோசப்பிடம் எடுத்துவிடச் சொன்னபோது அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

விம்கோ நகர்,
2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை.